கலைந்த மண்

குழியின் விளிம்பில் மெஹ்ஜபீன் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபோது உதவியாளன் முருகவேல் இரண்டாவது முறையாகச் சொன்னான். "நா எறங்கறேன் மேடம். நீங்க மேலருந்து எழுதிக்குங்க, நா பாத்து சொல்றேன்." முந்தின நாள் ஆட்களை வைத்து அவன் வெட்டுவித்த குழி அது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம், ஒரு ஓரத்தில் இறங்குவதற்கு இரண்டு படி. அடி அண்ணாமலையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி முடித்திருந்த கொல்லை நிலம். மண் ஆய்வு அலுவலகத்தில் சேர்ந்து ஒன்பது வருடத்தில் இப்படி முந்நூறு குழிகளிலாவது இறங்கியிருப்பாள். வயிற்றுத் தையலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வலிக்கும் என்று நினைத்தாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வலி பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது.

விடுப்பு இன்னும் பாக்கி இருந்தது. குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. அறுத்துத்தான் எடுத்தார்கள். அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். பார்த்தால் மனசு தாங்காது என்று மாமியார் அஜ்மத் பேகம் சொன்னார். அதற்குள் கணவன் சாகில் குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு கபரஸ்தானுக்குப் போய் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தான். அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

வெயில் நேராக விழும் பக்கச் சுவரைத் தேர்ந்தெடுத்து, கத்தியால் மேலிருந்து கீழாகச் செதுக்கினாள். மண்வெட்டி பட்டு மழுங்கின தடமெல்லாம் போய், மண் தன் சொந்த முகத்தைக் காட்டும் வரை செதுக்க வேண்டும். விளிம்பில் ஆணி அடித்து அளவு நாடாவைத் தொங்கவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து பார்த்தாள். அடுக்குகளை யாரும் கோடு போட்டு வைத்திருப்பதில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், ஒரே சிவப்பாகத் தெரிந்ததில் ஓரிடத்தில் சிவப்பு கூடும், ஓரிடத்தில் வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாததைக் கத்தி சொல்லும். முனையால் தட்டிக்கொண்டே கீழே வந்தால் சத்தம் மாறும். இதில் மட்டும் அவளுக்குப் பழைய கூர்மை அப்படியே இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இல்லை. எதுவுமே ஆச்சரியமாக இல்லை.

"மொத அடுக்கு, பூஜ்யத்துலருந்து பதினெட்டு சென்டிமீட்டர்" என்றாள். ஒரு கட்டியை உடைத்துத் தண்ணீர் தெளித்து, நிற அட்டையின் ஓட்டைக்குப் பின்னால் வைத்து ஒவ்வொரு சதுரமாக ஒப்பிட்டாள். "செம்பழுப்பு. மணல் ஜாஸ்தி. சன்ன வேரு நெறைய." அடுத்தது நாற்பத்தேழு வரை. நல்ல சிவப்பு, களி கூடிக்கொண்டே போகிறது, வேர் கம்மி. அதற்கும் கீழே சரளை, பிறகு மக்கின பாறை. மொரம்பு என்று ஊரில் சொல்வார்கள், கையால் நசுக்கினால் உதிர்ந்தது. அதன் மேல் அமிலம் இரண்டு சொட்டு விட்டாள். நுரைக்கவில்லை. "சுண்ணாம்பு இல்ல" என்றாள். முருகவேல் மேலே குந்தியபடி எழுதிக்கொண்டே வந்தான். அவள் வேலைக்குத் திரும்பின நாளிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறான்.

குழியின் குறுகலான பக்கச் சுவர் அப்போதுதான் கண்ணில் பட்டது. அங்கே அடுக்கே இல்லை. சிவப்பும் வெளுப்பும் மொரம்புக் கட்டியும் மூன்றடி வரை தாறுமாறாகக் கிடந்தன.

"இது இன்னா முருகவேல்?"

"பைப் போடறதுக்குத் தோண்டி மூடனதாம் மேடம். நாலு வருசம் ஆவுதுன்னு சொன்னாங்க."

"அந்தப் பக்கம் எழுத வேணாம். கலைஞ்ச மண்ணு."

வழக்கமாகச் சொல்கிறதுதான். தோண்டி மூடிய இடத்தில் அடிமண் மேலே வந்துவிடும், மேல்மண் அடியில் போய்விடும். ஒரு ஆள் ஆயுசுக்கும் அது பழையபடி அடுக்காகாது. அதைப் படிவத்தில் எழுதக் கூடாது, நகர்ந்து போய் வேறு இடம் பார்க்க வேண்டும் என்பது விதி. அவள் நகரவில்லை. அந்தச் சுவரில் ஒரு மொரம்புக் கட்டி, மேலிருந்து ஒரு சாண் ஆழத்தில், தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேல வந்து இத்த குடிம்மா. வெயிலு பொளக்குது." கொல்லைக்காரம்மா சரோஜா சொம்பில் மோர் கொண்டுவந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முருகவேல் கை கொடுக்க மெஹ்ஜபீன் ஏறி வந்து வரப்பில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தையும், கை வயிற்றுக்குப் போனதையும் சரோஜா பார்த்துவிட்டாள்.

"ஆபரேசனா?"

"ஆமா."

"எத்தினி கொழந்தைங்க?"

"ஒன்னு. பொண்ணு."

"இன்னா வயசு ஆவுது?"

"ரெண்டு மாசம் ஆவப்போவுது."

சரோஜா மோவாயில் கைவைத்தாள். "அடப்பாவமே, ரெண்டு மாசப் புள்ளய உட்டுட்டா வந்துகீற? யாரு பாத்துக்கறாங்க?"

மெஹ்ஜபீன் சொம்பை வாயிலிருந்து எடுத்தாள். தூரத்தில் கிரிவலப் பாதையில் ஒரு ஆட்டோ நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. "அவங்க அப்பா பாத்துக்கறாரு" என்றாள்.

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஜீப்புக்குப் பக்கத்தில் மண் மாதிரிப் பைகளில் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த முருகவேல் நிமிரவில்லை. சரோஜா எழுந்து போனாள். அவர்கள் கிளம்பும் நேரத்துக்கு முருங்கைக்கீரையை இரண்டு கை கொள்ளாமல் ஒடித்துக்கொண்டு வந்தாள். "பூண்டு ஜாஸ்தியா போட்டுப் பொரியல் பண்ணித் துன்னு. நல்லா பாலு ஊறும்" என்று மடியில் வைத்தாள். மெஹ்ஜபீனுக்குப் பால் வற்றி ஒரு மாதமாகிறது. "சரிங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

ஜீப் ஊருக்குள் நுழைந்து ரமணாசிரமத்துக்கு முன்னால் நெரிசலில் நின்றபோது முருகவேல் மெதுவாகச் சொன்னான். "அந்தம்மாவுக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டாங்க."

"கேட்டது நல்லதுதான் முருகவேல். யாருமே கேக்கல."

சாகில் தேரடிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கே வந்துவிட்டான். அவள் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இவ்ளோ கீரையா?" என்றான்.

"கொல்லைக்காரம்மா குடுத்தாங்க. பால் ஊறும்னு."

சட்டைப் பொத்தானில் இருந்த கை நின்றது. எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினான். இந்த ஐம்பத்திரண்டு நாளும் அவன் தினம் கேட்டது இரண்டே கேள்வி. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. அவளும் இரண்டுக்கும் ஆமாம் சொல்லி வந்தாள். வீட்டில் உருதுவும் தமிழும் கலந்துதான் பேச்சு. இப்போது அவள் தமிழிலேயே கேட்டாள், மண்ணைப் பற்றிப் பேச அவளுக்குத் தமிழ்தான் வரும்.

"ஏங்க, மண்ணு எப்படி இருந்துச்சு?"

"எந்த மண்ணு?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தெரியல. மண்ணு மாதிரி இருந்துச்சு."

"மேல என்ன நெறம்?"

"கறுப்பா. வேப்பமரத்துக்கிட்ட. சருகு மக்கி மெத்துனு இருந்துச்சு."

"வேரு?"

"இருந்துச்சு. கட்டவெரல் தண்டி ஒன்னு குறுக்க வந்துச்சு. தோண்டறவர் வெட்டப் போனாரு. வேணாம், கொஞ்சம் தள்ளித் தோண்டுங்கன்னு சொன்னேன்."

"அதுக்குக் கீழ?"

"செவப்பு."

"எவ்ளோ ஆழத்துல மாறுச்சு?"

"ஒரு சாண் இருக்கும்." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஜபீன், எதுக்கு இப்ப..."

"கல்லு இருந்துச்சா?"

அவன் கையில் இருந்த காம்பில் இலை தீர்ந்திருந்தது. வெறும் காம்பையே உருவிக்கொண்டிருந்தான். "அடியில இருந்துச்சு. சின்னச் சின்னதா. நா எறங்கிப் பொறுக்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"கைக்குக் கெடச்சதெல்லாம். குத்துமேன்னு."

அவள் அடுத்த கொத்தை எடுத்தாள். அலுவலகத்தில் விவசாயிகளிடம் கேட்கும் அதே குரலில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு குரல் அவளிடம் இல்லை. மூடும்போது எந்த மண்ணை முதலில் போட்டார்கள் என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் அவனே பேசினான்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத் பேரு கேட்டாரு."

"யாரு பேரு?"

"பாப்பா பேரு. பேரு வெச்சுத்தான் அடக்கம் பண்ணணுமாம். நீ மயக்கத்துல இருந்த. மெஹ்விஷ்னு சொல்லிட்டேன். உம் பேரு மாதிரி வரட்டும்னு." காம்பைத் தாளில் வைத்தான். "உங்கிட்ட கேக்காம வெச்சுட்டேன். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மெஹ்ஜபீன் அந்தப் பெயரைச் சத்தம் வராமல் உதட்டால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். குக்கர் ஒரு விசில் விட்டது. இரண்டாவது விசிலும் வந்தது. அவள் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஆழம் எவ்ளோ?" என்றாள்.

அவன் எழுந்து நின்றான். உள்ளே இறங்கி நின்றபோது விளிம்பு தன் மேல் எங்கே வந்தது என்று யோசிக்கிறவனாகக் கீழே குனிந்து பார்த்தான். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, தொடைக்கு அருகே காற்றில் நிறுத்தினான். "இங்க வரைக்கும்."

அவள் வேலைப் பையிலிருந்து நாடாவை எடுத்து வந்து அவன் காலடியில் மண்டியிட்டாள். முனையைத் தரையில் வைத்து அவன் கை வரை இழுத்தாள். "எழுவத்தெட்டு" என்றாள். அவன் தலையசைத்தான். நாடாவை விட்டதும் அது சர்ரென்று பெட்டிக்குள் சுருண்டுகொண்டது. சாகில் கையை எடுக்கவில்லை. பிள்ளை இவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டது என்று யாரிடமோ காட்டுகிறவன் போல, அதே மட்டத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கைக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு மெஹ்ஜபீன் உட்கார்ந்திருந்தாள்.