வெந்நீர்க் குளத்துச் சதுரங்கம்

எடெல்கா புடாபெஸ்ட்டுக்கு வந்தது ஊர் சுற்றிப் பார்க்கத்தான். மாக்கோ என்ற சிறிய ஊரின் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியே ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. தலைநகரத்தை ஒரே ஒரு முறை பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருந்தாள், அதுவும் காய்ச்சலோடு. இந்த இரண்டு நாள் பயணத்துக்காக அவள் கணவன் கால்மான் மாதக் கணக்கில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் நாள் காலையில் வெந்நீர்க் குளம், அவன் முழங்கால் வலிக்காக. மதியம் பார்லிமென்ட்டும் அங்கே வைத்திருக்கும் பழைய மணிமுடியும். மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் அரண்மனை. சாயங்காலம் ரயில்.

பிப்ரவரி மாதக் குளிர். திறந்தவெளிக் குளத்திலிருந்து ஆவி எழும்பி, சுற்றிலும் இருந்த மஞ்சள் கட்டடத்தையே மறைத்திருந்தது. கழுத்துவரை சூடு, கழுத்துக்கு மேலே பனி. கால்மான் கண்ணை மூடிக்கொண்டு முனகினான். எடெல்கா மெல்ல நீந்திப் போய் எதிர் மூலையில் நின்றாள். அங்கே நெஞ்சளவு தண்ணீரில் ஏழெட்டு ஆண்கள் கூடி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், குளத்தின் விளிம்பில், ஒரு சதுரங்கப் பலகை.

அவள் இன்னும் ஒரு எட்டு நெருங்கினாள். மூன்று குளிர்காலமாகக் கைப்பேசியில் முகம் தெரியாதவர்களோடு விளையாடி வந்தவள் அவள். கையால் காயைத் தொட்டு, எதிரே ஒரு மனுஷனைப் பார்த்து ஆடியதே இல்லை. மாக்கோவில் அவளோடு ஆட ஆள் கிடையாது. கால்மானுக்குச் சீட்டாட்டம் தவிர எதுவும் பிடிக்காது.

"அடுத்து யாரு?" என்றார் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, மீசை நுனியில் பனித்துளி. வில்மோஷ் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"நான்" என்றாள் எடெல்கா.

எல்லோரும் திரும்பினார்கள். "வாங்கம்மா, வாங்க" என்று வில்மோஷ் வழிவிட்டார். "எந்த ஊரு?"

"மாக்கோ."

"ஐயோ, வெங்காய ஊரா?" என்று பின்னால் நின்ற தடித்த மனிதர் சிரித்தார். "வில்மோஷ், ஜாக்கிரதை! கண்ணுல தண்ணி வர வச்சிருவாங்க."

முதல் ஆட்டம் வெட்கக்கேடாக முடிந்தது. வில்மோஷ் ராணியை எடுத்த எடுப்பிலேயே வெளியே கொண்டுவந்தார். எடெல்கா காய்களை ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் அவள் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டான்.

"பரவால்லம்மா. தண்ணி நல்லாருக்கு, அதை அனுபவிங்க" என்றார் வில்மோஷ். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"இன்னொரு ஆட்டம்" என்றாள்.

"தோத்தவங்க கடைசில போய் நிக்கணும். இங்க அதான் சட்டம்."

"நிக்கறேன்."

நின்றாள். அவள் முறை வருவதற்குள் கால்மான் தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

"என்ன பண்ற இங்க? கிளம்பு. பார்லிமென்ட்ல லேட்டா போனா உள்ள விடமாட்டான்."

"நீ போயிட்டு வா."

"என்னது?"

"நீ போய்ப் பாரு கால்மான். நான் இந்த ஆளை ஜெயிச்சுட்டுதான் வருவேன்."

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? இருநூறு கிலோமீட்டர் ரயிலேறி வந்தது குளத்துல நிக்கவா? மணிமுடி! ஆயிரம் வருஷத்து மணிமுடி!"

"அது எங்கயும் ஓடிப்போகாது."

தடித்த மனிதர் கால்மானின் தோளைத் தட்டினார். "போங்கண்ணே, போங்க. என் பொண்டாட்டி இப்படி ஒரு நாள் என்னைத் தனியா விட்டிருந்தா நான் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தியிருப்பேன்." சுற்றிலும் சிரிப்பு. கால்மான் காது சிவக்கத் திரும்பிப் போனான்.

இரண்டாவது ஆட்டம் நீண்டது. பாதியில் கரையோரமாக வந்த பெண் ஊழியர் குனிந்து பார்த்தார். "யம்மா, எவ்வளவு நேரமா உள்ளயே இருக்கீங்க? மூஞ்சி தக்காளி மாதிரி செவந்துபோச்சு. மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா நான்தான் தூக்கணும். ஏறுங்க வெளிய!"

எடெல்கா ஏறினாள். போகவில்லை. துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்து, காலை மட்டும் தண்ணீரில் விட்டபடி ஆடினாள். ஈரத் தலைமுடி விறைத்துக் குச்சியானது. பல் கிடுகிடுத்தது. ஊழியர் தலையில் அடித்துக்கொண்டு போய், தானே இன்னொரு துண்டு கொண்டுவந்து அவள் தலையில் சுற்றிவிட்டார்.

வில்மோஷ் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சமன்னு முடிச்சுக்கலாமா? ஊருக்குப் போய்ச் சந்தோஷமா சொல்லிக்கலாம்."

எடெல்காவுக்கு நிலைமை தெரியும். தன் பக்கம் ஒரு சிப்பாய் குறைவு. சமன் என்றால் லாபம்தான். ஆனால் அவர் அதைக் குழந்தைக்கு மிட்டாய் நீட்டுவதுபோல நீட்டினார்.

"வேண்டாங்க. ஆடுங்க."

அதற்குப் பிறகு யாரும் வெங்காயம் பற்றிப் பேசவில்லை. வில்மோஷ் மீசையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று ஆடினார். அவள் தோற்றாள். தோற்றபோது அவர் முதல் முறையாகக் கை நீட்டினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்.

சாயங்காலம் விடுதிக்குப் பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடையில் கால்மான் மாட்டிறைச்சிக் குழம்பைப் பார்த்தபடி உம்மென்று இருந்தான். "எப்படி இருந்துச்சு மணிமுடி?" என்று அவள் கேட்டாள்.

"மேல இருக்கற சிலுவை சாஞ்சிருக்கு" என்றான். குழம்பைக் கிளறிவிட்டு, "பக்கத்துல யாரோ ஒரு ஜெர்மன்காரன். அவன்கிட்ட போய் 'பாரு, சாஞ்சிருக்கு'ன்னு சொன்னேன். அவனுக்குப் புரியல" என்றான்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் மேசையில் பல்குச்சிகளை வரிசையாக வைக்க ஆரம்பித்திருந்தாள். உப்புக் குப்பி அவள் ராஜா. மிளகாய்த்தூள் குப்பி வில்மோஷின் ராணி. இரண்டு ஆட்டத்தையும் மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். சட்டென்று கை நின்றது.

"அவரு என்னைத் துரத்தவே இல்ல கால்மான்! ராணியை வெளிய கொண்டுவந்து சும்மா நிறுத்தினாரு. நான்தான் பயந்து பயந்து எல்லாத்தையும் பின்னாடி இழுத்தேன்."

"அந்த மிளகாய்த்தூளைக் கொடு, எனக்குக் குழம்புல உறைப்பு பத்தல" என்றான் கால்மான்.

அவள் கொடுக்கவில்லை. "நாளைக்குக் காலைல குளத்துக்குப் போறேன். முடிஞ்சதும் அரண்மனை. கண்டிப்பா வர்றேன்."

"ஜெயிச்சாலும் தோத்தாலுமா?"

"ஜெயிச்சுட்டு வர்றேன்."

காலையில் அவள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது கால்மானும் நீச்சலுடையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். முழங்காலுக்காகத்தான் என்றான்.

வில்மோஷ் அவளுக்காக வெள்ளைக் காய்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தார். ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போலக் கறுப்பு ராணி சீக்கிரமே வெளியே வந்து முறைத்தது. எடெல்கா பின்வாங்கவில்லை. குதிரையை முன்னால் விட்டாள். ராணி ஒதுங்கியது. அடுத்த குதிரையையும் விட்டாள். ராணி மறுபடி ஒதுங்கியது. ஒவ்வொரு முறை அது ஓடும்போதும் அவளுடைய ஒரு காய் களத்துக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியில் ராணியைக் காப்பாற்ற வில்மோஷ் தன் மந்திரியைப் பறிகொடுத்தார்.

"ஓஹோ" என்றார், தனக்குள்.

அதன்பிறகும் அவர் லேசில் விழவில்லை. மந்திரிக்குப் பதிலாக அவளுடைய காய் ஒன்றைப் பிடித்தார், காய்க்குக் காய் வெட்டினார். மூன்று தடவை ஊழியர் வந்து எடெல்காவைக் கரையேற்றினார், மூன்று தடவையும் அவள் படியிலிருந்தே ஆடினாள். காய்கள் குறைந்துகொண்டே வந்தன. முடிவில் பலகையில் இரண்டு ராஜாக்களும் அவளுடைய ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாயும்தான் மிஞ்சின. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு படி பின்னால் நின்றான். போய்ச் சேர்ந்தால் வேண்டிய காயாக மாறலாம்.

வில்மோஷ் தன் ராஜாவை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் நின்றார்.

"முடிஞ்சுது! ராணி எடுங்கம்மா" என்றார் தடித்த மனிதர், வெட்டிய காய்களிலிருந்து வெள்ளை ராணியை எடுத்து நீட்டியபடி.

எடெல்காவின் கை பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நின்றாள். ராணி வந்து நின்றால் கறுப்பு ராஜாவுக்கு எந்தப் பக்கமும் நகர இடம் இருக்காது. செக்கும் இல்லை, நகரவும் வழியில்லை என்றால் ஆட்டம் சமன். கிழவர் வேண்டுமென்றேதான் அந்த ஓரத்தில் போய் நின்றிருக்கிறார்.

"என்ன ஆச்சு?" என்று கால்மான் கிசுகிசுத்தான். அவனும் எப்போதோ கூட்டத்துக்குள் புகுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தான்.

"பேசாத."

சிப்பாயை நகர்த்தினாள். "ராணி வேண்டாம். யானை கொடுங்க."

தடித்த மனிதர் ராணியை வைத்துவிட்டு யானையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வில்மோஷ் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, யானை குறுக்கே பாயாது என்பதால் ராஜாவுக்கு மிச்சமிருந்த ஒரே கட்டத்துக்கு நகர்ந்தார். எடெல்கா யானையை மூலைக்கு ஓட்டினாள்.

"செக். மேட்டு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வில்மோஷ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. "இருங்க, இன்னொண்ணு ஆடலாம். பழி வாங்க எனக்கு ஒரு வாய்ப்பு வேணுமில்ல?"

அவளுக்கு ஆசைதான். கால்மானைப் பார்த்தாள்.

"இல்லங்க. அரண்மனைக்குப் போகணும். வாக்குக் கொடுத்துட்டேன்."

பாலத்தில் நடந்தே போனார்கள். ஆற்றின் மேல் மூடுபனி. அக்கரையில் அரண்மனை இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றுமில்லை. ரயிலுக்கு முன் உள்ளே போய்ச் சுற்ற நேரமும் இல்லை. எடெல்கா குல்லாய்க்குள் ஈரத் தலையோடு, யார் தடுத்திருந்தாலும் நிற்காதவள் போல வீசி நடந்தாள்.

பாலத்தின் நடுவில் கால்மான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அது சரி, ராணிதானே பெரிசு? அதை ஏன் வேண்டாம்னு சொன்ன?"

அவள் சொன்னாள். கைப்பிடிச் சுவரின் பனியில் விரலால் கட்டம் போட்டு, ராஜா இங்கே, சிப்பாய் அங்கே என்று காட்டினாள்.

"புரியல" என்றான் கால்மான். "முதல்லேருந்து சொல்லு."

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.