முட்டை லோடு

கடைசி ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டில் போட்டபோது சித்தி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா, உங்கம்மாவை ஹால்ல கிடத்தியிருக்கு. நீ இங்க லேப்டாப்பைப் பிரிச்சுக்கிட்டு இருக்கியா?"

"அப்பாதான் சித்தி..."

கட்டிலில் இருந்த அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து ஆஸ்பத்திரியில கடைசியா என்ன சொன்னா தெரியுமா? முட்டை லோடு பாதி வழியில நிக்குதுன்னா. அஞ்சு மணிக்கு அவளை எடுத்துட்டுப் போக வேன் வர்றதுக்குள்ள கொண்டுபோய் இறக்கணும்."

"மாமா, அது கேம்ல இருக்கிற முட்டை!"

"லோடு லோடுதான்."

டிரைவிங் ஸ்கூல் வைத்து ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. மனைவிக்கு மட்டும் ஒரே ஒரு நாள். அன்று ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்தது, சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா சும்மா விடுவாளா? அறுபது வயதில், மகன் கழித்துப்போட்ட லேப்டாப்பில் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டக் கிளம்பிவிட்டாள். பாவம், அது மூச்சுவாங்கி, நின்று, குதித்துக் குதித்துத்தான் போகும். அடியில் ஈரத்துணி விரித்து, ஒரு கையால் விசிறிக்கொண்டே ஓட்டுவாள். ஒருநாள் வந்து பாருடா என்று இரண்டு வருடமாகக் கெஞ்சினாள். அவனுக்குத் தொழிலே லேப்டாப் ரிப்பேர்தான். பழசும்மா, தூக்கிப் போடு என்று போனிலேயே வைத்தியத்தை முடித்துவிடுவான்.

உள்ளே இருந்த குட்டி விசிறியில் தூசி கம்பளியாக அடைத்திருந்தது. அதில் இரண்டு நரைமுடி சுற்றியிருந்தது. ஊதப் போனவன் ஊதவில்லை. முடியைப் பிரித்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தூசியைத் துடைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி மூடினான். பழைய லேப்டாப்புக்குப் பாரம் குறைய, கேமைத் திறந்து நிழலை அணைத்தான். மழையை நிறுத்தினான். படத்தின் தெளிவைப் பாதியாக்கினான். மரங்களையும் எதிரே வரும் வண்டிகளையும் மொத்தமாக எடுத்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா என்னடா மிச்சம்?" என்றாள் சித்தி.

"ரோடு இருக்கே."

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பெல்ட்டுக்கு எதை அமுக்கணும்?"

"பெல்ட்டெல்லாம் இல்லப்பா."

"என்ன வண்டிடா இது!"

லாரி ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பியது. அப்பா முப்பதைத் தாண்டவில்லை. திட்ட வந்த சித்தி அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றாள். "மாமா, லெஃப்ட்ல போர்டு பாருங்க! இண்டிகேட்டர் போடுங்க!"

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா கேட்டார். "ஜோரா ஓடுதே. இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

"இருபது நிமிஷம்ப்பா."

"இருபது நிமிஷமா" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். குற்றம் சொல்லும் குரலே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. திரையில் முட்டைக் கிடங்கு தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு சிக்னல், சிவப்பு.

"போயிடுங்கப்பா. குறுக்க ஒரு வண்டியும் வராது, நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டேனே."

"பச்சை விழட்டும்."

ஹாரன் மறுபடியும் கேட்டது. சித்தி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்பாவின் விரல் பிரேக்கிலேயே இருந்தது.