குளியலறைக்கு ஒரு வினைச்சொல்

இயற்பியலில் பட்டம் வாங்கியவளுக்கு ஒரு ஃபோன் பேசுவதற்குள் உதறல் எடுத்துவிட்டது.

அத்தான் சொந்தத் தொழில் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. வழுக்கி விழாமலிருக்கக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க இருக்கை எல்லாம் பொருத்தித் தருவார். இதுவரை ஒரு வேலைகூட வரவில்லை. இன்றுதான், ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர், என்ன செய்து தருவீர்கள் என்று ஃபோனில் சொல்லச் சொல்லியிருந்தார். வேறொரு கம்பெனியிடமும் கேட்டிருக்கிறாராம். அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தானுக்கு ஆங்கிலம் வராது. இவளுக்கு எழுத வரும், பேசப்போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"கம்பி போட்டுக் கொடுக்கிறோம்னு சொல்லேம்மா, அவ்வளவுதானே?"

"போட்டுக் கொடுத்தா அடிதான் விழும், அத்தான்."

"அப்ப செட்டப் பண்ணித் தர்றோம்னு சொல்லு. அது இங்கிலீஷ்தானே?"

சமையலறையிலிருந்து அக்காள் எட்டிப் பார்த்தாள். "யாருக்குய்யா செட்டப்?"

"ஒண்ணுமில்லடி தாயே, நீ அடுப்பைப் பாரு."

இவள் விரல்விட்டு ஒப்பித்தாள். "செவுத்துல மாட்டினா ஃபிட். ஆளுக்குச் சாமான் கொடுத்தா எக்விப். ரூமுக்கு மேசை நாற்காலி போட்டா ஃபர்னிஷ்."

"துப்பாக்கி கொடுத்தா?"

"ஆர்ம்."

"ஆர்முன்னா கையில்ல?"

"அதுவுந்தான்."

"நல்லாருக்கே! அப்ப கைப்பிடிக்கும் அதுதானே?"

"குழப்பாதீங்க அத்தான்!"

குழப்பியாயிற்று. மறுமுனையில் கேப்டனின் கரகரத்த குரல் வந்ததும் படித்ததெல்லாம் பறந்துபோனது. "உங்கள் குளியலறையை நாங்கள்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கியவள், "ஆர்ம் செய்கிறோம், சார்" என்று முடித்தாள்.

வேலை கைநழுவியது என்றே நினைத்தாள்.

"யாரை எதிர்த்து?" என்றார் கேப்டன்.

யோசிக்க நேரமில்லை. "ஈரத் தரையை எதிர்த்து, சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்து இருமலில் போய் நின்றது. "புயலில்கூட நான் விழுந்ததில்லை பெண்ணே. அந்தத் தரை என்னை இரண்டு தடவை சாய்த்துவிட்டது. அந்தக் கம்பெனிக்காரன் அரைமணி நேரம் பேசினான், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாளைக் காலையில் நீங்களே வாருங்கள்."

அவள் ஃபோனை வைத்தாள்.

"என்னம்மா சொன்னாரு?" அத்தான் நாற்காலி நுனிக்கே வந்திருந்தார்.

"நாளைக்குக் காலையில ஆயுதங்களோட வரச் சொன்னாரு."

அத்தான் துளைபோடும் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ என்னதான் சொன்ன அவருகிட்ட?"

"கம்பியை மட்டும் மாட்டிட்டு வாங்க," என்றாள் அக்காள், கரண்டியும் கையுமாக. "ரெண்டு பேரும் எங்கயாவது மாட்டிக்காதீங்க."