அட்டைப் பெட்டிக்குள் பால்காரி

"தலைய ஆட்டாதம்மா. ரெண்டு ஓட்டையிலயும் ரெண்டு கண்ண வெச்சுப் பாரு."

யேசுராஜ் அட்டைப் பெட்டியை அம்மாவின் முகத்தருகே பிடித்துக்கொண்டான். இன்றைய பொழுதைத் தாண்டுவது கடினம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடிகாரக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மூன்று மாதமாக அரைகுறையாய்க் கிடந்த பெட்டியை அவன் காலையில்தான் முடித்திருந்தான்.

கம்பெனிக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன ஒரே மாதிரியான தொண்ணூற்று மூன்றாம் வருஷக் காலண்டர்கள் இரண்டு. ஏதோ மியூசியத்து ஓவியங்கள். ஒன்றில் ஒரு பெண் சுவரோரம் நின்று பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பிரதியில் அவளை மட்டும் வெட்டி, நூலளவு தள்ளி ஒட்டி, இரண்டு படங்களுக்கும் முன்னால் லென்ஸ் வைத்திருந்தான். கண்ணுக்கொரு படமாகப் பார்த்தால் சுவர் பின்னால் போகும். அவள் உயிரோடு முன்னால் வந்து நிற்பாள். முப்பது வருஷம் மத்திகிரியில் வீடு வீடாகப் பால் ஊற்றிய அம்மா அவளைப் பார்த்துவிட வேண்டும்.

"தெரியுதாம்மா?"

அம்மா அன்னமேரி பெட்டியில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

"அடேயப்பா! சுவரு அங்க நின்னுக்கிச்சு, இவ இங்க வந்துட்டா. கைய நீட்டுனா இடிக்கும்போல." மூச்சு வாங்கினாள். "கெட்டியா ஊத்துறா, சாமி. தண்ணி கலக்காதவ."

யேசுராஜ் சிரித்தான். கால்மாட்டில் நின்ற பக்கத்து வீட்டுக் கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மத்தியானம் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அன்னமேரி தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்தார். மூன்று மணிக்கு, ஜெபமாலை நடுவில், அவள் அடங்கிப்போனாள்.

குளிப்பாட்டி, கல்யாணப் புடவை கட்டிவிட்டுக் கெம்பம்மா வெளியே வந்தாள்.

"அம்மா பாத்துட்டுத்தான் போச்சுக்கா. அது போதும் எனக்கு" என்றான் யேசுராஜ்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"தம்பி, மனசுல வெச்சுக்க முடியல. உங்கம்மாவுக்கு எடது கண்ணு போயி நாலு வருஷமாச்சு. தெரிஞ்சா நீ மாட்ட வித்துடுவேன்னு உங்கிட்ட சொல்லல."

யேசுராஜ் அவளையே பார்த்தான். ஒரு கண்ணால் பார்த்தால் அந்தப் பெட்டியில் சுவர் எங்கும் போகாது.

"அப்ப எப்பிடிக்கா சொன்னாங்க?"

"காலையில மொதல்ல எனக்குத்தான காட்டுன? நீ குளிக்கப் போனப்ப, உங்கம்மா என்னடி தெரிஞ்சுதுன்னு கேட்டா. ஒண்ணொண்ணா சொன்னேன். படிக்கிற புள்ளையாட்டம் திருப்பிச் சொல்லிப் பாத்தா. பொய் சொல்றியே, உங்க சாமி கோவிச்சுக்காதான்னேன். 'மத்தியானம் ஃபாதர் வர்றாரில்ல, அவருகிட்ட சொல்லிக்கிறேன் போடி'ன்னா."

யேசுராஜுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பொய்க்குப் பயந்து, ஒரு நாளும் பாலில் சொட்டுத் தண்ணீர் விடாதவள்.

"கெட்டியா ஊத்துறா, தண்ணி கலக்காதவன்னாங்களே, அதுவும் நீ சொல்லிக் குடுத்ததா?"

கெம்பம்மா யோசித்தாள்.

"இல்ல தம்பி. அத நான் சொல்லல."

அவன் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். மாலையோடு வந்த கம்பெனிக்காரர்கள், அவன் முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணில் கை வைத்திருப்பதைப் பார்த்து, அழுது முடிக்கட்டும் என்று வாசலிலேயே நின்றார்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.