இடது கிராங்க்

டீச்சர் சைக்கிளிலிருந்து சாலை நடுவில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதற்கு நான்தான் காரணம் என்று என் அண்ணன் கூசாமல் சொல்லிவிட்டான். மிதிக்கும்போது, பெடலைத் தாங்கும் இடது கிராங்க் அச்சைவிட்டு வழுக்கிச் சுற்றிவிட்டதாம். போன வாரம் அந்தப் பக்கத்துப் பெடலை மாற்றியவள் நான்.

"என் தங்கச்சிதாங்க கடைசியா கை வச்சது. இனிமே பஞ்சர் மட்டும் ஒட்டட்டும்" என்றான், சைக்கிளைக் கொண்டுவந்து போட்ட டீச்சர் கணவரிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெடல் கிராங்கின் ஒரு முனையில், அச்சு மறுமுனையில். பன்னிரண்டு வருடமாக சைக்கிள் கடை நடத்துகிறவனுக்கு இது தெரியாதா?

கிராங்கைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். ஆனால் அதைக் கழற்றும் புல்லரை அவன் டிராயரில் பூட்டி வைத்திருப்பான், ஏதோ தங்கக் கட்டி மாதிரி. திருகின் மறை போய்விடுமாம், என் கைக்கு அது ஒத்துவராதாம். அவன் சாப்பிடப் போனதும், ஆணியில் தொங்கிய சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன்.

போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே ஒட்டியிருந்த வாஷரையும் நெம்பி எடுத்தேன். புல்லரை மறை முழுக்கப் பிடிக்கும்வரை கையாலேயே திருகி, பிறகு ஸ்பானர் போட்டேன். கிராங்க் முனகிக்கொண்டு வந்தது. சதுர ஓட்டை உருண்டையாகத் தேய்ந்திருந்தது. ஆட்டம் தெரியாமலிருக்க, கிரீஸ் டப்பாவின் தகர மூடியைக் கத்தரித்து உள்ளே திணித்திருந்தான். அவன்தான். புல்லர் இல்லாமல் அங்கே யாரும் தகடு வைக்க முடியாது.

கை கழுவிக்கொண்டு வந்தவன் முன்னால் தகட்டைப் போட்டேன்.

"புது கிராங்க் வர பத்து நாள் ஆகும்னாங்க. அதுவரைக்கும் தாங்கட்டுமேன்னு வச்சேன்."

"வச்சு எத்தன நாளாச்சு?"

"மூணு மாசம் இருக்கும். நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு, மறந்துட்டேன். இத இதோட விடு. கடை பேரு கெட்டா உனக்கும்தான் கஷ்டம்."

"என் பேர நாறடிச்சப்ப கடை பேரு நல்லா இருந்துச்சா?"

கிராங்கையும் தகட்டையும் துணியில் சுற்றிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் எதிரில் விரித்து வைத்து, ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன்.

டீச்சர் தேய்ந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"போன வாரம் பெடல் மாத்தினியே, அப்ப இது ஆடலையாம்மா?"

ஆடியது. பெடலை இறுக்கும்போது 'டக்'கென்று சத்தமும் கேட்டது. புல்லரைக் கேட்டால் நாலு பேர் முன்னால் அண்ணன் வாயில் விழ வேண்டும். எனக்கென்ன வந்தது என்று சைக்கிளைத் துடைத்து அனுப்பிவிட்டேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தச் சாவியும் தேவையில்லை.

"ஆடுச்சு டீச்சர். தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன்."

கட்டுப் போட்ட கையை அவர் மெல்ல மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணனும் இதத்தானம்மா செஞ்சிருக்காரு" என்றார்.