நாற்பத்தோராம் செடி

ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலை ஆறேகாலுக்கு, ஊரின் வடக்கு ஓரத்துக் கண்ணாடிக்குடிலில், நாற்பத்தோராம் எண் செடியில் ஒரு மிளகாய் சிவந்திருந்தது. அந்தச் செடியின் மற்ற காய்கள் இன்னும் பச்சை.

மீதி ஐம்பத்தொன்பது செடிகளும் மஞ்சளாய்ப் பழுத்து நின்றன. கசக்கிய காகிதம் போன்ற தோல், நுனியில் தேள்கொடுக்காக வளைந்த வால். நறுக்கினால் எலுமிச்சைப் பூவின் மணம். அதை நம்பி வாயில் வைத்தால் அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகுதான் காரம், மாடிப்படி ஏறி வருகிறவர் போல, அவசரமில்லாமல் வரும். அது இறங்கும்போது தலை லேசாகி, சுகமாக ஒரு மயக்கம் தரும்.

இந்த வகையை உருவாக்கி நிலைப்படுத்த, குடிலின் சொந்தக்காரியான அவளுக்கு எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அறுபது செடியும் மஞ்சளாகப் பழுத்தால்தான் புது ரகம் என்று அவள் பெயரில் பதிவு. பதிவு அதிகாரி பத்து மணிக்கு வருகிறார்.

"போன வருஷம் விதைக்கு விட்ட பூவிலேர்ந்து வலைப்பையக் கழட்டினீங்களா?" கணவரிடம் கேட்டாள்.

"ஒரே ஒரு நாள். வெயில் கொளுத்துச்சு. பூவுக்கு மூச்சு முட்டுமேன்னு..."

"நல்லா மூச்சு விட்டுச்சு. தேனீ வந்து பக்கத்து வீட்டுச் செவப்பு மிளகாயோட சம்பந்தம் பேசி முடிச்சிருக்கு."

"மஞ்சள் பூசிடலாமா?"

"பூசுங்க. அப்படியே உங்க மூஞ்சிக்கும் ஒரு கை."

அவர் அந்தச் சிவப்புக் காயைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மத்தது பச்சைதானே. பிந்திப் பழுக்கிற செடின்னு சொல்லிக்கலாம்."

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, வரிசைகளுக்கு இடையே பெருக்கத் தொடங்கினாள்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார், நடுவயதுப் பெண். முதல் நான்கு வரிசைகளின் நாற்பது செடிகளையும் அளந்து எழுதினார். ருசி பார்ப்பதும் விதிமுறையில் இருந்ததால், அரிசியளவு துண்டு ஒன்றை நாக்கில் வைத்தார். "பூ வாசனைதான் வருது, காரத்தையே காணோமே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்கள் நிறைந்தன. காது சிவந்தது. கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்து, தூங்கப்போகும் குழந்தையின் முகம் ஆனது. சொட்டுநீர்க் குழாயின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. மஞ்சள் வெளிச்சம் தண்ணீரைப்போல அலையாடியது. கூரைக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து போவதை அவர் ஆட்சேபமில்லாமல் பார்த்தார்.

"நான் நிக்கிறேனா, உக்காந்திருக்கேனா?"

"உக்காந்திருக்கீங்க மேடம். கவுத்த வாளி மேல" என்றார் கணவர்.

"ரொம்ப வசதியா இருக்கு." சிரித்தபடி அதிகாரி மடியில் படிவத்தை விரித்தார். "கடைசி ரெண்டு வரிசையும் இதேதானே? எங்க கையெழுத்துப் போடணும்?"

கணவர் பேனாவை நீட்டினார். அதிகாரியோடு சேர்ந்து அவளும் ஒரு துண்டு தின்றிருந்தாள். அவள் எடையையும் தரை மறந்திருந்தது. எட்டு வருடங்களும் அந்த வெளிச்சத்தில் ஒரு மதியத்தூக்கம் போலக் குறுகித் தெரிந்தன. கூடவே, யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில், அவள் பெயர் போட்ட விதையிலிருந்து ஒரு காய் மெல்லச் சிவப்பதும் தெரிந்தது.

கணவரின் சட்டைப்பையில் கைவிட்டு அந்தக் காயை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தாள்.

"நாப்பத்தொண்ணாம் செடி, மேடம். அதையும் பாத்துட்டுப் போடுங்க."

அதிகாரி காயை வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். பிறகு பேனாவை மூடினார்.

பதிவு ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. நாற்பத்தோராம் செடி மாலை நான்கு மணிக்குப் பிடுங்கப்பட்டது. அடுத்த பருவத்தில் வலைப்பைகளை அவளே கட்டினாள்.