இடப்பக்கக் கயிறு

"அடுத்து திம்மப்பன் காளை! ரெடியா இருங்க!" என்று மைக் அலறியதும் ஹரீஷ்குமார் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். கெலமங்கலத்துப் பக்கம் எருது விடும் விழா. தெரு முழுக்கத் தலை, மாடி முழுக்க ஜனம். அவர்கள் வீட்டுக் காளை கெம்பன் முதன்முறையாக ஓடப் போகிறான்.

ஓடினால்தானே! காளையை அவிழ்த்துவிடும் வாடிக்குள் கொண்டுபோக இரண்டு பக்கமும் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். வலப்பக்கம் ஹரீஷ் இருந்தான். இடப்பக்கம் யார் வந்தாலும் கெம்பன் கொம்பை ஆட்டினான். சித்தப்பா கிழிந்த சட்டையோடு ஓடிவந்துவிட்டார். கன்றாக இருந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் நின்று பழகியவன் சிவராஜ் ஒருவன்தான். அவனோ எதிர்ச்சுவரில் ஏறி, யாரோ எவரோ போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்தில் இருவரும் தோளில் கை போட்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, கூடப் படிக்கும் ஆனந்தராஜ் ஒருநாள் போர்டில் இதயம் வரைந்து இவர்கள் பேரை எழுதினான். 'புருஷன் பொண்டாட்டி' என்று பட்டம் விழுந்தது. அதை அழித்த வாத்தியாரும் சிரித்துக்கொண்டேதான் அழித்தார். அன்றோடு இருவருக்குள்ளும் பேச்சு நின்றது. காளைக்கு முத்தம் கொடுத்தால் வீரமாம், கூட்டாளி தோளில் கை போட்டால் கேவலமாம். நல்ல ஊர், நல்ல நியாயம்!

"ஆளு இல்லன்னா அடுத்த மாட்ட உட்ருவாங்கடா! அந்த சிவாவக் கூப்புடேன்!" என்று அப்பா திம்மப்பன் கத்தினார்.

கூப்பிட்டால் ஊரே கேட்கும். தடுப்புக் கட்டைமேல் ஆனந்தராஜ் வேறு உட்கார்ந்திருந்தான். ஹரீஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான்.

"டேய் சிவா! வாடா!"

"ஐயோ, பொண்டாட்டி கூப்புடுது, போ மாப்ள!" என்று ஆனந்தராஜ் விசிலடித்தான். கூட்டம் சிரித்தது. இறங்குவதற்காக ஒரு காலைத் தொங்கவிட்ட சிவராஜ் அப்படியே உறைந்துபோனான்.

ஹரீஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் கெடக்கறான்! நீ இல்லாம என்னால முடியாதுடா! வாடா!"

குதித்தான் சிவராஜ்! "பாரோ கெம்பா, பாரோ" என்று, வாடா வாடா எனக் கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டே இடப்பக்கக் கயிற்றைப் பிடித்தான். கெம்பன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சாதுவாக நடந்தான்.

கயிற்றை உருவினார்கள். அடேங்கப்பா, என்ன ஓட்டம்! புழுதி அடங்குவதற்குள் கெம்பன் எல்லைக்கோட்டைத் தாண்டி வயல்காட்டுக்குள் பாய்ந்துவிட்டான். "இதுவரைக்கும் இதான் பர்ஸ்ட்டு!" என்று மைக் பிடித்தவர் தொண்டை கிழியக் கத்தினார். ஊரே குதித்தது. ஹரீஷும் சிவராஜும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள்.

கட்டைமேல் ஆனந்தராஜும் தன்னை மறந்து பக்கத்துக் கூட்டாளியைக் கட்டிக்கொண்டு துள்ளினான். மறுகணமே நெருப்பைத் தொட்டவன் போல அவனைத் தள்ளிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று நாலு பக்கமும் திருதிருவென விழித்தான்.

ஹரீஷ் பார்த்துவிட்டான். அட, இவனுக்குமா இந்தப் பயம்! சிரிப்பு வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

"ஆனந்து, நீயும் வாடா! காளையப் புடிக்கணும்!" என்று கத்திக்கொண்டே அவன் சிவராஜோடு வயல்காட்டைப் பார்த்து ஓடினான்.

ஆனந்தராஜ் இறங்கவில்லை. இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, கூட்டாளியைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான்.